பேசும் மொழி: பர்மியம்

ஜனவரி 2, திங்கள்

உரக்கடை முதலாளி கொடுத்த டைரி இது. அட்டையில் நெற்கதிர் படம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ராகு காலம், எமகண்டம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் காலண்டர்தான். எனக்கு மட்டும் டைரி. "உங்க வாழ்க்கையை எழுதி வெச்சா நாலு தலைமுறை படிக்கும்ணே" என்றார். வாயால் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆகவே தொடங்குகிறேன். பெயர் நாகரத்தினம். ஊர் புதுமணல்குப்பம், கடலூருக்குத் தெற்கே. பிறந்தது பர்மா தேசம், இரங்கூன் பட்டணம். அறுபத்தைந்தாம் வருஷம் கப்பலில் வந்து இறங்கினோம். அப்போது எனக்கு வயது எட்டு என்று வெளியில் சொல்வது வழக்கம். ஆதார் கார்டுப்படி நாலு. படிப்பு ஏழாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி இருபத்தாறு வருஷமாக என் கையில். இந்தக் குப்பத்தில் ஒருத்தன் பல் துலக்க வேண்டுமென்றால் நான் வால்வைத் திறக்க வேண்டும்.

ஊரில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு பர்மாக்காரர். சின்னவர்களுக்கு பர்மா மாமா.

இன்று தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தேன்.

ஜனவரி 3, செவ்வாய்

சரித்திரம் டைரிக்காகக் காத்திருந்த மாதிரி மறுநாளே நடந்துவிட்டது!

காலை ஒன்பது மணிக்கு ஜெயக்கொடி போன் செய்தாள். என் அக்கா மகள். அக்கா போய் நாலு வருஷமாகிறது. இவள் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"மாமா, எங்க இருக்கீங்க? ஒடனே கெளம்பி வாங்க. அஞ்சப்பன் அண்ணன் போட்டுல ஒரு ஆளத் தூக்கிட்டு வந்திருக்காங்க. நடுக்கடல்ல காலி கேனைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு மெதந்தானாம். கேன் மேல ஜாங்கிரி புழிஞ்ச மாதிரி எழுத்து, பர்மா எழுத்தாம். அவன் பேசறது ஒருத்தருக்கும் புரியல. எஸ்.ஐ. கிட்ட நான் சொல்லிட்டேன், எங்க மாமாவுக்கு பர்மா பாஷை தண்ணி பட்ட பாடுன்னு."

அடுப்படியிலிருந்து என் சம்சாரம் தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி பட்ட பாடா? ஒங்களுக்கா?"

"அக்கா மகளே வாய் விட்டு சொல்லிட்டா. போகலன்னா அவளுக்குத்தான் அவமானம்."

"போனா?"

பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் எஸ்.ஐ. அமிர்தகணேசன் எழுந்து நின்று வரவேற்றார். உட்கார்ந்தபடியே நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார் என்றும் சொல்லலாம், எல்லாம் மரியாதைதான். கட்டிலில் ஒருவன். முப்பது வயது இருக்கும். உப்பில் ஊறித் தோல் உரிந்து, உதடு பிளந்து, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தமின் சா பீபிலா?" என்றேன். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அம்மா தினமும் கேட்டது.

அவன் திடுக்கிட்டுக் காலை மடக்கிக்கொண்டான். என்னையும் எஸ்.ஐ.யின் காக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். தாய்மொழியைக் கேட்ட ஆனந்தம் என்று அங்கிருந்தவர்களுக்கு விளக்கினேன். பிறகு அவன் இரண்டு கையையும் கூப்பி, "பாமாலோ மபியோ தத்பூ" என்றான். இரண்டு தடவை சொன்னான். என்ன இனிமை! அதன்பின் மடை திறந்த மாதிரி பேச்சு. மார்பில் அறைந்துகொண்டு "ஆலம், ஆலம்" என்கிறான், ஜன்னல் பக்கம் கை நீட்டுகிறான், என் முழங்காலைத் தொடுகிறான். நான் தலையாட்ட வேண்டிய இடங்களில் தலையாட்டினேன்.

"என்ன சொல்றான்?" என்றார் எஸ்.ஐ.

அறை முழுக்க என்னையே பார்த்தது. ஜெயக்கொடி குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்தபடி நின்றாள். சின்ன வயதில் நான் கதை சொல்லும்போது எப்படி வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாளோ அதே முகம்.

"பேரு ஆலம்ங்கறான் சார். அவங்க வழக்கப்படி முன்னால மவுங் போட்டுக்கணும், மவுங் ஆலம். மீன் புடிக்கிறவன். காத்துல படகு கவுந்துடுச்சு. தனியா வந்தவன். காப்பாத்துன அஞ்சப்பனுக்கு நன்றி சொல்றான்."

"தனியாத்தானா?"

"தனியாத்தான் சார். தெளிவா சொல்றான்."

அஞ்சப்பன் வாசலில் நின்றுகொண்டு, "கடல்ல என்னமோ இருக்குங்கற மாதிரி கை காட்டுறானே மாமா?" என்றான்.

"படகு கவுந்த எடத்தக் காட்டுறான்யா. ஒனக்கு பாஷை தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவன் வாசலை விட்டு இறங்கிப் போனான்.

எஸ்.ஐ. எழுதினார். நாடு: மியான்மர். இனம்: பர்மியர். பேசும் மொழி: பர்மியம். மொழிபெயர்ப்பாளர்: நாகரத்தினம். நான் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

ஜனவரி 4, புதன்

பேப்பர்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு இன்னும் கொஞ்சம் விவரம் தேவைப்பட்டது. கொடுத்தேன். மோல்மேன் பட்டணத்தில் தேக்குமர வியாபாரி வீட்டுப் பிள்ளை, சிற்றன்னை கொடுமை தாங்காமல் கடலுக்கு வந்தவன்.

"மீன் புடிக்கிறவன்னு சொன்னீங்களே மாமா?" என்றாள் ஜெயக்கொடி.

"வந்த பொறவுதானே மீன் புடிக்கிறவன் ஆனான்?"

அவன் இன்று உட்கார்ந்து சாப்பிட்டான். நாலு இட்லி கொடுத்தார்கள். இரண்டைத் தின்றான். இரண்டைப் பேப்பரில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தான். மத்தியானமும் அதே மாதிரி சோற்றில் பாதி. ஜெயக்கொடி கேட்டதற்கு நான் விளக்கம் சொன்னேன்: பர்மாவில் 'நாட்' என்று காவல் தேவதை உண்டு, அதற்குப் பங்கு எடுத்து வைக்காமல் சாப்பிட மாட்டார்கள். அம்மா அப்படிச் சொன்னதாக ஞாபகம். சொல்லியிருக்காவிட்டாலும் சொல்லக்கூடியவள்தான்.

சாயங்காலம் கூட்டுகிற அம்மா எறும்பு மொய்க்கிறது என்று அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள். அவன் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். பக்தி என்றால் அது பக்தி.

ஜனவரி 5, வியாழன்

மேற்குத் தெருவில் பைப் உடைப்பு. நாள் முழுக்க மண்வெட்டி. இடுப்பு கழன்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஜனவரி 6, வெள்ளி

டீக்கடையில் இன்று என் பெயர் வந்த பேப்பரைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டச் சொன்னது நான் என்பது வேறு விஷயம். டீக்கடை ராசமாணிக்கம் வம்புக்கு இழுத்தார்.

"பேப்பர்ல பர்மியர் பர்மியர்னு போட்டிருக்கே, பர்மியர்னா யாரு மாமா? பர்மாவுல பொறந்தவனா, பர்மா பாஷை பேசறவனா?"

"ரெண்டும்தான்யா."

"அப்ப நீங்க பர்மியரா?"

"நான் பச்சைத் தமிழன்."

"அப்புறம் எதுக்கு ஒங்கள பர்மாக்காரர்ங்கறோம்?"

"அது பட்டம். கலெக்டருக்குக்கூட இல்லாத பட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே இருந்த வரைக்கும் எங்களை 'கலா' என்றுதான் சொல்வார்களாம், வந்தேறி என்று அர்த்தமாம். கடைசி வரை அப்பாவுக்கு அந்தச் சொல் ஆறவே இல்லை. டீக்கடையில் பேசும்போது அதை நான் சேர்ப்பதில்லை.

பரோட்டா மாஸ்டர் நிதாய் மாவை வீசிக்கொண்டே, "எனக்கும் பட்டம் இருக்கு அண்ணா. எல்லாரும் இந்திக்காரன்னு கூப்பிடுறாங்க. எனக்கு வீட்ல இந்தி இல்ல. நான் பெங்காலி. திரிபுரா" என்றான். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. தமிழ் நன்றாக வரும்.

"எல்லாம் ஒண்ணுதான் போ. வடக்கன் வடக்கன்தான்" என்றார் ராசமாணிக்கம். நானும் சிரித்தேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரி. ஆலம் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். என் உள்ளங்கையில் விரலால் நீளவாக்கில் இரண்டு கோடு வளைத்து, தோணி மாதிரி ஒன்று வரைந்தான். நடுவில் ஒரு புள்ளி வைத்து அழுத்தினான். அழித்துவிட்டு மறுபடி வரைந்தான். மறுபடி புள்ளி. முகத்துக்கு நேரே என்னைப் பார்த்தான்.

"என்ன மாமா பண்றான்?"

"ரேகை பாக்குறான். எனக்கு ஆயுசு தொண்ணூறாம்."

புள்ளி வைத்த இடம் இன்னும் வலிக்கிறது.

ஜனவரி 7, சனி

வியாசர்பாடியில் இருக்கும் கோமளா அக்காவுக்குப் போன் செய்தேன். பெரியம்மா மகள். கப்பல் ஏறும்போதே பதினாறு வயது, பர்மாவில் பள்ளிக்கூடம் போனவள். பொங்கல் விசாரிக்கிற மாதிரி பேசிவிட்டு, அவன் முதல் நாள் சொன்னதை அப்படியே ஒப்பித்து அர்த்தம் கேட்டேன். டைரியில் எழுதி வைத்தது உதவியாக இருந்தது.

கோமளா அக்கா சிரித்தாள். "ஒங்கிட்ட யாருடா அப்படிச் சொன்னது?" என்றாள். சும்மா ஞாபகம் வந்தது என்றேன். அர்த்தத்தைச் சொன்னாள். லைன் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கும் எழுபத்து நாலு வயது, பாஷை துருப்பிடித்திருக்கும். அவள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே எழுதும் அளவுக்கு முக்கியமில்லை.

"என்னவாம்?" என்றாள் தனபாக்கியம்.

"சௌக்கியமாம்."

"அதுக்கு ஏன் ஒங்களுக்கு இப்படி வேர்க்குது?"

வாயுத் தொல்லை. சீரகத் தண்ணீர் குடித்தேன்.

ஜனவரி 8, ஞாயிறு

காலையில் வால்வைத் திறந்துவிட்டு நின்றபோது கடற்கரைப் பக்கம் கூச்சல். ஓடினேன். ஆலம் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்து கடலுக்குள் இறங்கியிருக்கிறான். மார்பு வரை தண்ணீர். கையில் ஊசிக் குழாய் தொங்குகிறது. கிழக்கே பார்த்து ஏதோ ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டே இருந்தான். நாலு பேர் சேர்ந்து இழுத்து வந்தார்கள். மணலில் போட்டபோதும் கத்தினான்.

எஸ்.ஐ. மூச்சிரைக்க வந்தார். "பெரியவரே, என்னய்யா வேணுமாம் இவனுக்கு? ஏன் ஓடறான்? கேளுங்க."

கூட்டம் சுற்றி நின்றது. ஜெயக்கொடியின் வெள்ளைப் பேண்ட் முழங்கால் வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. நான் குனிந்து அவனிடம் ஒன்றிலிருந்து பத்து வரை பர்மிய எண்களைச் சொன்னேன். தித், நித், தோன், லே. எனக்குத் தெரிந்ததில் மிச்சம் இருந்தது அதுதான். அவன் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி என்று சொல்ல மாட்டேன். களைப்பாக இருந்திருப்பான்.

"கடல்லயே பொறந்து வளர்ந்தவன் சார். நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சி கெடக்க முடியலங்கறான்."

"அதுக்கு நான் என்ன பண்றது? பூட்டுங்கய்யா கதவை."

வார்டுக்கு வெளியே பூட்டு போட்டுவிட்டார்கள். சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்கலாம் என்று எழுதப்போவதில்லை. கூட்டம் அதிகம்.

ஜனவரி 9, திங்கள்

நடந்தது நடந்தபடி.

ஜெயக்கொடி அவனுக்கு இட்லி இறங்கவில்லை, பரோட்டா வாங்கி வாருங்கள் என்றாள். எனக்கு இடுப்பு வலி, சைக்கிள் மிதிக்க முடியாது. நிதாய் மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்தேன். பொட்டலத்தை அவனே மேலே கொண்டு வந்தான். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் பூட்டைத் திறந்தார். உள்ளே ஆலம் சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தான்.

நிதாய் வாசலிலேயே நின்றுவிட்டான். காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அவன் பாஷையில் மெதுவாக ஏதோ ஒரு வார்த்தை சொன்னான்.

ஆலம் திரும்பினான். கட்டிலிலிருந்து பாய்ந்து நிதாயின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். பரோட்டா கீழே விழுந்தது. அவன் பேசப் பேச நிதாய் நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கேட்டான். கையால் கேட்டான், வாயால் கேட்டான். நிதாயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அண்ணா," என்றான் நிதாய், என்னைப் பார்த்தல்ல, தரையைப் பார்த்து. "எல்லாம் புரியல. பாதி புரியுது. பர்மா பாஷை இல்ல. எங்க ஊருக்குத் தெக்கால, வங்கதேசத்துல சிட்டகாங் பக்கம் பேசுவாங்க, அது மாதிரி. இவனோட அண்ணன் போட்ல இருக்கான்."

"எந்த போட்ல?" என்றாள் ஜெயக்கொடி.

"இவங்க போட்ல. கவுறல அக்கா. எஞ்சின் செத்துப்போச்சு. இருபது நாளு மெதந்து வந்திருக்காங்க. அண்ணனுக்குக் கால் ஒடஞ்சிருக்கு, நீந்த முடியாது. இவன் மட்டும் லைட்டப் பாத்துட்டு, கேனைப் புடிச்சிக்கிட்டு நீந்தி வந்தான், ஆள் கூட்டியாறேன்னு சொல்லிட்டு. மொத நாள்லேர்ந்து இதத்தான் சொல்றானாம். 'இந்தப் பெரியவர் தலையத் தலைய ஆட்டுறாரு, ஆனா யாரும் போக மாட்டேங்கறாங்க'ன்னு கேக்குறான்."

ஜெயக்கொடி விரல் மடக்கினாள். மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது.

"மாமா," என்றாள். சத்தமே இல்லை. "இவன் பேசுனது பர்மா பாஷையே இல்லைங்கறாரு. அப்ப இத்தனை நாளா நீங்க எந்த பாஷையிலேர்ந்து சொன்னீங்க?"

வார்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து வருஷப் பழைய ஃபேன் இருக்கும். இருக்காது. தெரியவில்லை.

ஜனவரி 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். ஏழாம் தேதி கோமளா அக்கா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. லைன் தெளிவாக இருந்தது. 'பாமாலோ மபியோ தத்பூ' என்றால் 'எனக்கு பர்மா பாஷை பேசத் தெரியாது' என்று அர்த்தம். ஆலத்துக்குத் தெரிந்த பர்மிய வாக்கியம் அது ஒன்றுதானாம். பட்டாளத்துக்காரர்கள் வழியில் நிறுத்திக் கேட்டால் சொல்லக் கற்றுக்கொண்டது. நிதாய் கேட்டுச் சொன்னான். எஸ்.ஐ.யின் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் இருந்து நான் பர்மியத்தில் கேட்டதும் அவன் காலை மடக்கிக்கொண்டது அதனால்தான்.

ஏழாம் தேதியே தெரியும். ஏழு, எட்டு, ஒம்பது.

எஸ்.ஐ. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முன்பு எழுதிய காகிதத்தை எடுத்துப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றார். அவ்வளவுதான்.

அஞ்சப்பன் காலையிலேயே பதினோரு படகைத் திரட்டிவிட்டான். பொங்கலுக்கு வலையைக் கரையேற்றி வைத்திருந்தவர்கள்கூட இறங்கினார்கள். வயர்லெஸ்ஸில் தெற்கே வரைக்கும் தகவல் சொல்லியாயிற்று. கடலோரக் காவல்படையின் பெரிய கப்பலுக்கும் செய்தி போயிருக்கிறதாம். நானும் வருகிறேன் என்று படகண்டை போனேன்.

"வேணாம் மாமா. எடம் இல்ல" என்றான் அஞ்சப்பன். படகில் ஐந்து பேர் இருந்தார்கள். பத்துப் பேர் போகும் படகு.

ஆஸ்பத்திரிப் படியில் ஜெயக்கொடியை நிறுத்தினேன். "ஒன்னோட மானம் போயிடக் கூடாதுன்னுதாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு ஊமை வந்திருந்தாக்கூட அவன் கையப் பாத்துப் புரிஞ்சிட்டிருப்போம் மாமா. அஞ்சப்பன் அண்ணன் மொத நாளே கேட்டாரு. தலையணைக்குக் கீழ இட்லி வெச்சான், கடலப் பாத்து ஓடுனான். இதுக்கெல்லாம் பாஷை வேணுமா? தெரிஞ்சவரு ஒருத்தரு நடுவுல நின்னீங்க, அதனால யாருமே அவனப் பாக்கல. ஒங்களப் பாத்தோம்."

படியேறிப் போய்விட்டாள்.

ஜனவரி 11, புதன்

படகுகள் திரும்பின. ஒன்றும் இல்லை. தொட்டி நிரம்பி இரண்டு மணி நேரம் தெருவில் வழிந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன்.

ஜனவரி 12, வியாழன்

ஆலத்தைக் கரைக்கு அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் போலீஸ்காரர், ஒரு பக்கம் நிதாய். டீக்கடையில் மூன்று நாளாகப் பரோட்டா இல்லை. ராசமாணிக்கமே டீ கொண்டு வந்து கொடுத்தார். நான் கொஞ்சம் தள்ளி, வலை உலர்த்துகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

எஸ்.ஐ. புதுக் காகிதம் வைத்திருந்தார். "இந்தத் தடவையாச்சும் சரியா எழுதணும். இவன் பர்மாக்காரனா இல்லையா? ரோஹிங்கியான்னு சொல்றாங்களே, அதுவா? கேளு."

நிதாய் கேட்டான். ஆலம் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்.

"இவன் பொறந்தது பர்மாதான் சார். அப்பாவும் அங்கதான், தாத்தாவும் அங்கதான். ஆனா அங்க இவங்கள பர்மாக்காரன்னு சொல்ல மாட்டாங்களாம். நீ பெங்காலி, பெங்காலுக்குப் போ அப்படிம்பாங்க. இவன் சித்தப்பா அந்தப் பக்கம் ஓடிப் போனாரு. அங்க போனா, நீ பர்மாக்காரன், பர்மாவுக்குப் போன்னு சொல்றாங்களாம்."

எஸ்.ஐ. பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

ஆலம் மேலும் ஏதோ சொன்னான். நிதாய் சொல்லத் தயங்கினான்.

"என்ன?"

"இவன் பொறந்ததுலேர்ந்து ஒரு காயிதத்துல இவன பர்மாக்காரன்னு எழுதுனது நீங்கதான் சார். அந்த மூணாம் தேதி காயிதம். அத ஒரு தடவ பாக்கலாமான்னு கேக்குறான்."

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பவில்லை. நானாகத்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் அப்பா கப்பலில் கொண்டு வந்த காகிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் எதிலும் அவரை பர்மாக்காரன் என்று போட்டிருக்கவில்லை. இறங்கியவுடன் இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நான்தான் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன், அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் வலைதான் இருந்தது.

படகுகள் வெயில் சாய்கிறபோது வந்தன. அஞ்சப்பன் இறங்கும்போதே கையை விரித்துவிட்டான். ஆலம் ஒவ்வொரு படகாகக் குனிந்து உள்ளே பார்த்தான். பதினோரு படகையும் பார்த்தான்.

தனபாக்கியம் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு பாஷை தெரியாதுன்னு எனக்குக் கல்யாணமான மறுவருசமே தெரியும்" என்றாள். "நானும் ஊர்ல சொல்லாமத்தானே இருந்தேன்."

ஜனவரி 13, வெள்ளி

நாளை போகி. தெருவில் பழைய பாய்களை இப்போதே வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் இருந்தோம். அஞ்சப்பன் சொன்னான்: "இனிமே போயி பிரயோஜனம் இல்ல சார். தெக்கால இழுக்குது நீரோட்டம். பதினோரு நாளாச்சு. தண்ணி இல்லாம, ஒடஞ்ச காலோட..."  கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரிய கப்பலும் தேடிவிட்டுத் திரும்பிவிட்டதாம். மத்தியானம் ஆலத்தை மெட்ராஸுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து எங்கே என்று எஸ்.ஐ.க்கே தெரியவில்லை.

"யாராவது போயி அவங்கிட்ட சொல்லிடுங்க" என்றார் எஸ்.ஐ. நிதாயைப் பார்த்தார்.

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றான் நிதாய். "வேற எது வேணாலும் சொல்றேன். இது என்னால ஆகாது. அஞ்சு நாளா என் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். நான் போனேன்னா போட்டு கெடச்சிதுன்னு சொல்லத்தான் வர்றேன்னு நெனப்பான்." படியிறங்கிப் போய் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

 ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

"நீங்க போங்க மாமா."

தண்டனையாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

உள்ளே போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். யாரோ கொடுத்த கோடு போட்ட சட்டை, தலை வாரியிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். வராந்தாவிலிருந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்: கையை அலை மாதிரி ஆட்டிக் காட்ட வேண்டும், பிறகு விரிக்க வேண்டும், வானத்தைக் காட்ட வேண்டும். கை மடியை விட்டு எழும்பவில்லை. அம்மா சொன்ன நாலு வார்த்தை இருக்கிறது, அதில் ஒன்றும் இதற்கு ஆகாது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். முதல் நாளிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான். ஆனால் இன்று நான் தலையாட்டவில்லை. அவன் வெகு நேரம் பார்த்தான். அப்புறம் அவனுடைய தோள் இரண்டும் இறங்கின. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது.

கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. அடித்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அடிக்கவும் இல்லை. என் பக்கம் கொஞ்சம் குனிந்து, ஒரு கேள்வி கேட்டான். கேள்விதான், முடிவில் குரல் ஏறியது. ஐந்தாறு வார்த்தை இருக்கும், மெதுவாக, ஒவ்வொன்றாக. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்.  பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் எழுந்து வெளியே வந்தேன். எஸ்.ஐ. காகிதத்தைத் தொடைமேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லிட்டீங்களா? என்ன கேட்டான்?"

ஜெயக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலீங்க சார்" என்றேன்.